கோடி போவுது

படபடவென்று சரவெடி வெடித்தது. பால் சொசைட்டியிலிருந்து காலிக் கேனோடு திரும்பிக்கொண்டிருந்த தமயந்தி நடுத்தெருவில் அப்படியே நின்றாள். தீபாவளி போய் மூன்று வாரம் ஆகிறது. ஊரில் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. காலை நேரத்தில் சரவெடி கேட்டால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வேறு அர்த்தம் தோன்றாது.

“யாருடி செத்தது?” என்று பக்கத்து வீட்டு சுலோச்சனாவைக் கேட்டாள். சுலோச்சனா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, வராத தண்ணீருக்காகக் காத்திருந்தாள்.

“தெரியலக்கா. பூவம்மாதான் ரெண்டு நாளா இருமிகினே இருந்துச்சு.”

தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அய்யோ முருகா. நேத்து சாய்ந்தரம்கூட எங்கிட்ட வெத்தல கேட்டுச்சுடி. வச்சுகினே இல்லன்னுட்டேன்.”

“அழுவாதக்கா. வயசாயிடுச்சு இல்ல.”

“யாருக்குடி வயசாயிடுச்சு?” என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. பின்னாலேயே பூவம்மாளும் வந்தாள். முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, இருமியபடி, கிட்டத்தட்ட ஓட்டமாகத்தான் வந்தாள். “ரெண்டு பேரும் நின்ன எடத்துலயே என்னைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? மாலை வாங்கியாச்சா?”

“நீ இல்லன்னா அப்ப வெடி யாருக்கு?”

“யாருக்கும் இல்லடி கூறு கெட்டவளே. ஏரிக்கு! ஏரி கோடி போவுதுடி! கலங்கல்கிட்ட ஆம்பளைங்க எல்லாம் நின்னு வெடி கொளுத்தறானுங்க.”

ஏரி நிரம்பி, கரையின் கடைசியில் இருக்கும் கலங்கல் மேலே தண்ணீர் வழிந்து ஓடினால் அதற்கு அந்த ஊரில் ‘கோடி போவுது’ என்று பேர். கே.ஜி.கண்டிகைக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அந்தப் பேச்சைக் கேட்டு எட்டு வருஷமாகிவிட்டது. போன மூன்று வருஷமாக ஏரிக்குள் ஆடு மேய்ந்தது, கிரிக்கெட் நடந்தது. இந்தச் சித்திரையில் அடித்த வெயிலில் ஏரி மண் பாளம் பாளமாக வெடித்து, ஒரு கன்றுக்குட்டியின் கால் அதில் மாட்டிக்கொண்டு, அதை எடுக்க நாலு பேர் மண்வெட்டியோடு போக வேண்டியதாயிற்று.

அப்பேர்ப்பட்ட ஏரி கோடி போகிறது. தமயந்தி கேனைக் கீழே வைத்துவிட்டு, திருத்தணி மலைக் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கக் கன்னத்தில்தான் போட்டாள். மறு கன்னத்துக்குப் போன கை பாதியிலேயே நின்றது.

“அய்யய்யோ! கல்லக்கா!”

விஷயம் இதுதான். கலங்கலில் வழியும் தண்ணீர் போவதற்கென்று ஒரு கால்வாய் உண்டு. கோடிக்கால்வாய். எட்டு வருஷமாகத் தண்ணீரையே பார்க்காமல் அது ஒரு மணல் மெத்தையாகக் கிடந்தது. கல்லக்கா என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையைக் காயப்போட அதைவிட நல்ல இடம் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. கீழே சூடான மணல், மேலே வெயில். இரண்டே நாளில் காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும். தமயந்தியின் புருஷன் கஜபதி, தன் நிலத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கால்வாய் ஓடுவதால், ஆய்ந்த காய் மொத்தத்தையும் அதில்தான் கொட்டி வைத்திருந்தார். இரண்டு நீலத் தார்ப்பாயில் பரப்பியது போக, வெறும் மணலிலேயே நாலு குவியல்.

நேற்றுச் சாயங்காலம் ஏரியில் பாதி அளவுக்குத் தண்ணீர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர் அப்படிச் செய்தார். “பாதி ஏரிக்கு மேல ஏறணும்னா ஒரு வாரம் புடிக்கும். எங்க நைனா காலத்துலேர்ந்து அதான் கணக்கு. அதுக்குள்ள காஞ்சி மூட்ட கட்டிடலாம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். விடிந்ததும் சாக்கு வாங்கி வர மகன் இளம்பரிதியின் ஷேர் ஆட்டோவிலேயே திருத்தணிக்குப் போய்விட்டார். வானமும் அவர் பக்கம்தான் சாட்சி சொன்னது. துடைத்து வைத்த மாதிரி நீலம், சுள்ளென்று வெயில். மழை பெய்ததெல்லாம் அந்தப் பக்கம், ஆந்திர மலைகளில்.

அந்தக் கடலைதான் தமயந்திக்கு எல்லாமும். மூன்று வருஷத்தில் வீடு வரப்போகிற முதல் வெள்ளாமை. ஐப்பசி முழுக்கப் பொய்த்துப் போய், போர் கக்கிய கொஞ்ச நஞ்சத் தண்ணீரைச் செடிக்குச் செடி காட்டி வளர்த்தது. போன மாதம் இளம்பரிதி சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தான்: “இந்தக் கல்லக்கா வீடு வந்து சேந்தா, இங்கயே இருந்து போரை இன்னும் எறக்கிப் பாக்கறேம்மா. இல்லன்னா தை மாசம் நானும் பிரியங்காவும் அம்பத்தூருக்குப் போயிடறோம். அங்க ஒரு கம்பெனில வேலைக்குச் சொல்லி வச்சிருக்குது.”

யார் சொல்லி வைத்தது என்று அவன் சொல்லவில்லை. அன்று ராத்திரி கஜபதிதான் மெதுவாகக் காதைக் கடித்தார்: “உன் மருமவளுக்கு டவுனுதான் புடிச்சிருக்குதாம்.” அதோடு சரி. மறுநாளிலிருந்து மருமகளுக்கு விழும் முட்டைக்குழம்பில் முட்டை அரையாகிவிட்டது.

இப்போது தமயந்தி வீட்டைப் பார்த்து ஓடினாள். எதிரே டிவிஎஸ்ஸில் குமரவேல் வந்தான். ஏரித் தண்ணீரை மடை திறந்து பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி அவன்தான். வண்டியில் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

“இன்னா அண்ணி, கல்லக்கா எல்லாம் மேல ஏத்தியாச்சா?”

“இன்னும் இல்லப்பா! இப்பதான் எனக்கே தெரியுது!”

“இன்னா சொல்ற! நான் ஆறு மணிக்கே உன் போனுக்கு அடிச்சேனே. உன் மருமவதான் எடுத்துச்சு. ‘கோடி போவுது, சீக்கிரம் பாரும்மா’ன்னேன். ‘சரி மாமா, நான் பாத்துக்கறேன்’னு வச்சுடுச்சு.”

தமயந்தியின் கால் ஒரு நிமிஷம் ஓட மறந்தது. ஆறு மணிக்கு அவள் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து பத்தடியில் வீடு. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். ஏன் சொல்லவில்லை?

நல்ல எண்ணத்தைவிடக் கெட்ட எண்ணத்துக்குக் கால் அதிகம். அது தமயந்திக்கு முன்னாலேயே ஓடிப்போய் வாசலில் நின்றது. கடலை போனால் அம்பத்தூர். அவளுக்கு அதுதானே வேண்டும்?

வீட்டில் மருமகள் இல்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக்கூடை, உள்ளே கோழிகளோடு, மேலே கல் வைத்துப் பத்திரமாக இருந்தது. அடுப்பில் உலை கொதித்துக் கொதித்து வற்றிப்போயிருந்தது.

“போயே போயிட்டாளா?” என்று வாய்விட்டுச் சொன்னாள் தமயந்தி. அடுப்பை அணைத்தாள். கைக்கு அகப்பட்ட அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகக் கால்வாய்க்கு ஓடினாள். “சுலோச்சனா! கல்லக்கா போவுதுடி, வாங்கடி!” என்று அவள் போட்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது.

கால்வாய்க் கரையில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது நீலத் தார்ப்பாய். அது கால்வாய்க்குள் இல்லை. கரைமேல், புங்க மரத்தடியில் இருந்தது. அதன்மேல் காய் மலைமாதிரிக் குவிந்திருந்தது. பக்கத்தில் இரண்டாவது தார்ப்பாய். கீழே மணலில், நைட்டிமேல் துண்டு போட்டு, முழங்கால்வரை சேறோடு, பிரியங்கா ஒரு போர்வையில் காயை வாரிக்கொண்டிருந்தாள். நாலு குவியலில் ஒன்றைக் காணோம், கரைமேல் ஏறியிருந்தது.

“அத்தே! வாங்க அத்தே! நீள்ளு... தண்ணி வந்துகினு கீது!”

வந்துகொண்டுதான் இருந்தது. எட்டு வருஷம் காய்ந்த மணல் முதல் தண்ணீரை இஷ்டத்துக்குக் குடித்துவிட்டுத்தான் விட்டது. அதனால்தான் இத்தனை நேரம் கிடைத்தது. மேலண்டை வளைவில் நுரையும் சருகும் செருப்பும் பிளாஸ்டிக் பையுமாக, பழுப்பு நாக்கு ஒன்று மணலைத் தடவிக்கொண்டே நீண்டது. அதன் பின்னால் கணுக்கால் தண்ணீர். அதன் பின்னால் எவ்வளவு என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

தமயந்தி கூடையோடு கீழே குதித்தாள். வாரிக்கொண்டே கத்தினாள். “காலைல குமரவேல் போன் பண்ணானாமே! எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“கோழிக்கு எதுக்கு அத்தே உங்கள கூப்புடணும்? நானே புடிச்சுக்கலாம்னு பாத்தேன்.”

“எந்தக் கோழிடி?”

“குமரவேல் மாமாதான சொன்னாரு, கோடி போவுது, சீக்கிரம் பாருன்னு! எண்ணிப் பாத்தேன். அம்மா குடுத்த புள்ளிக்கோழி காணோம். மத்தது எல்லாம் கூடைல மூடிட்டு, அத தேடிகினு இங்க வந்தேன். வந்து பாத்தா மணலு ஈரமா கீது. எறும்பு எல்லாம் முட்டையத் தூக்கிகினு கரைமேல போவுது. எனக்கு பயம் வந்துட்ச்சு. நம்ம காயும் மேல போவணும்னு தூக்க ஆரம்பிச்சேன்.”

தமயந்தி வாரிய கூடை வாரியபடி நின்றாள். காளஹஸ்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாசம்தான் ஆகிறது இந்தப் பெண்ணுக்கு. தெலுங்கில் கோழிக்குப் பேரே கோடிதான். தமயந்திக்கும் தெலுங்கு தெரியும். அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஏரியின் கோடியையும் கொண்டையாட்டும் கோடியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள, அந்த ஊரில் பிறந்த ஒருத்தருக்கும் இதுவரை வாய்க்கவில்லை.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. கூடவே தண்ணீரும் வந்து கணுக்காலைச் சுற்றியது. “அடிப்பாவி! எட்டு வருஷம் கழிச்சு ஏரி ரொம்பி வழியுது, இவ கோழி புடிக்கப் போனாளாம்!”

“சிரிப்பெல்லாம் மேல வந்து வச்சுக்கங்கடி!” என்று கரையிலிருந்து பூவம்மாள் அதட்டினாள். சுலோச்சனாவோடு ஏழெட்டுப் பெண்கள் அன்னக்கூடையும் பிளாஸ்டிக் டப்பும் குடமுமாக வந்துவிட்டிருந்தார்கள். பூவம்மாள் யாரும் சொல்லாமலே மேஸ்திரி வேலையை எடுத்துக்கொண்டாள். “வரிசையா நில்லுங்க! ஒருத்தி வாரணும், ஒருத்தி வாங்கணும். சுலோச்சனா, இன்னாடி கூடைல கால் பங்குகூட இல்ல? நூறு நாள் வேலைன்னு நெனச்சுகினியா?”

“நீ வாரிப் பாரு, தெரியும்.”

“நான்தான் செத்துட்டேனே. பொணம் வந்து வாருமா?”

சிரித்துக்கொண்டே வாரினார்கள். கூடை கை மாறிக் கை மாறிக் கரையேறியது. மூன்று குவியலில் இரண்டு முழுசாக மேலே போய்ச் சேர்ந்தன. இரண்டாவதின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. கடைசிக் குவியலைத் தொடுவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. குவியலின் அடியிலிருந்த மணல் நழுவ, காய் கூட்டமாக மிதந்து புறப்பட்டது. பிரியங்கா போர்வையை வலைமாதிரி விரித்து அதைத் தடுக்கப் போனாள். ஒரு சுழிப்பு, அவள் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே போர்வையின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“விட்டுடுடி! போனா போவுது, வுடுடி!” தமயந்தி பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“பாதி கீது அத்தே, உள்ள பாதி கீது!”

“பாதியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ வா மேல!”

இரண்டு பேருமாகப் போர்வையை இழுத்துக்கொண்டு கரையேறினார்கள். அவர்கள் நின்ற இடத்தில் அடுத்த நிமிஷம் ஒரு முள்மரமே உருண்டு போனது. தமயந்தி மருமகளின் தலையைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தாள். துவட்டியது போதும் என்று யாராவது சொல்லியிருந்தால்தான் நிறுத்தியிருப்பாள்.

கஜபதியும் இளம்பரிதியும் சாக்குக் கட்டோடு வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. கஜபதி கரையில் ஏறி, தன் களம் இருந்த இடத்தில் நெளிந்து ஓடும் ஆற்றைப் பார்த்தார். அப்புறம் மரத்தடிக் குவியலைப் பார்த்தார். ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்கினார்.

“பாதி ஏரிக்கு மேல ஒரு வாரம்னு சொன்னீங்களே,” என்றாள் தமயந்தி.

“அதான் கணக்கு” என்றார் கஜபதி, குரலே எழும்பாமல்.

“கணக்கு எல்லாம் சரிதான் நைனா,” என்று சாக்கைப் பிரித்துக்கொண்டே சொன்னான் இளம்பரிதி. “அது அப்ப பேஞ்ச மழைக்கு. பத்து நாளு சிணுங்கிகினே பெய்யும். இப்ப எங்க அப்பிடிப் பெய்யுது? கடலே சூடேறிக் கெடக்குதாம். மேகம் மொத்தமா மொண்டுகினு வந்து ஒரே எடத்துல கவுத்துட்டுப் போயிடுது. அப்புறம் மூணு வருஷம் அட்ரஸே கெடையாது. போன்ல ரெட் அலர்ட்டு போட்டிருந்தான், பாத்தீங்களா?”

“ஆந்திராவுக்குதானடா போட்டிருந்தான்? திருத்தணிக்கு ஒண்ணும் போடலயே.”

“தண்ணிக்கு இன்னா பார்டர் தெரியுமா? செக்போஸ்ட்டுல நின்னு சீட்டு வாங்கிகினு வருமா?”

“ஒரு வருஷம் கொடம் தூக்கியே இடுப்பு ஒடையுது, ஒரு வருஷம் இடுப்பளவு தண்ணி,” என்றாள் பூவம்மாள். “இனிமே இதுக்கும் சேத்துதான் பொழைக்கணும். கால்வாய கால்வாயாவே வுடுங்க. கல்லக்கா எங்க காயப்போடறதுன்னு வேற எடம் பாருங்க.”

கஜபதி தலையை ஆட்டினார். மேட்டு நிலத்தில் தை பிறப்பதற்குள் சிமெண்டுக் களம் ஒன்று போட்டுவிடுவதாக அப்போதே அறிவித்தார். அவர் தோற்றுப்போனால் உடனே ஏதாவது கட்டுவதாக அறிவிப்பது வழக்கம்.

நனையாத காய் வண்டியில் வீட்டுக்குப் போனது. நனைந்த காயை வைத்திருக்க முடியாது. மூன்றாம் நாள் முளைத்துவிடும். அதை வேகவைப்பதுதான் வழி. சாயங்காலம் கலங்கல் பக்கத்தில் கங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்த அடுப்பிலேயே பெரிய அண்டாவை ஏற்றி, உப்புப் போட்டு, நனைந்த கடலை அத்தனையையும் கொட்டினாள் தமயந்தி. ஊரே அங்கேதான் இருந்தது. கலங்கல்மேல் தண்ணீர் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி இறங்கியது. அதன் இரைச்சலில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஏரியைப் பார்த்தறியாத பிள்ளைகள் அதைப் பார்த்துக் கத்தின. பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார்கள். இளவட்டங்கள் வழிதலுக்குக் கீழே கொசுவலையை விரித்து மீன் பிடித்தார்கள். மருமகள் கோழி பிடிக்கப் போன கதை அதற்குள் மூன்று தெரு சுற்றி, ஒவ்வொரு தெருவிலும் ஒரு கோழி கூடியிருந்தது.

“வாம்மா கோடி!” என்று குமரவேல் கூப்பிட்டான். பிரியங்கா கூச்சத்தோடு சிரித்தாள்.

இளம்பரிதி தள்ளி நின்று போன் பேசிவிட்டு வந்தான். “அம்பத்தூருக்கு வரலன்னு சொல்லிட்டேம்மா,” என்றான், ஏதோ பஸ் வராததைச் சொல்வது போல. “போர்ல தண்ணி ஊறிடும். அடுத்த பட்டம் நெல்லே வைக்கலாம் போலக் கீது.”

தமயந்தி அண்டாவிலிருந்து ஆவி பறக்கும் கடலையை ஒரு தட்டு நிறைய அள்ளி, ஊதி ஊதி, மருமகளின் மடியில் வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே கஜபதி ஒவ்வொரு காயாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஓடு காலடியில் குவிந்தது.

“ஏண்டி பிரியங்கா,” என்றாள் தமயந்தி. காலையிலிருந்து உள்ளே குறுகுறுத்ததை இனியும் வைத்திருக்க முடியவில்லை. “மனசுல ஒண்ணும் வச்சுக்காத. கேக்கறேன்னு கோச்சுக்காத. கல்லக்கா போயிருந்தா நீ ஆசப்பட்ட மாதிரி டவுனுக்கே போயிருக்கலாம். அப்புறம் எதுக்கு அந்தத் தண்ணில போய் உழுந்த?”

பிரியங்கா வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்தாள். “நான் ஆசப்பட்டனா?”

“பின்ன? டவுனுதான் புடிச்சிருக்குன்னு சொன்னியாமே.”

கஜபதிக்குத் திடீரென்று இருமல் வந்தது. காயைக் கீழே போட்டார். எழுந்து, அண்டாவில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார். போகிற போக்கில் மருமகளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கெஞ்சினார். பிரியங்கா அவரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். இளம்பரிதி தண்ணீரைப் பார்த்தான்.

“என்னை மன்னிச்சுடுங்க மாமா, அத்தே கேக்கறாங்க,” என்றாள் பிரியங்கா. “அத்தே, அம்பத்தூர்ல சொல்லி வச்சதே மாமாதான்; ‘நீங்க ரெண்டு பேராவது தண்ணி இருக்கற ஊர்ல பொழைச்சுக்குங்கம்மா, நான் அனுப்பறேன்னா உங்க அத்தே என்னை வீட்டுலயே சேக்கமாட்டா, நீதான் கேட்டேன்னு சொல்லிக்கறேன்’னு எங்கிட்ட கைல அடிச்சு சத்தியம் வாங்கிகினாரு.”